அக்காவோட ம்

எழவு வீட்டுக்குள்ள நுழையுற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் அந்தப் பெரியவரும் அவர் மகளும் என் கடை வாசல்ல வந்து நின்னாங்க. நான் ஒரு தண்ணி மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு, அதுல சுத்தியிருந்த எரிஞ்ச கம்பிக் காயிலை வெட்டி இழுத்துக்கிட்டு இருந்தேன். மழைக்காலம் வந்தாலே எங்க தொழில்ல ரோதனைதான். காயில் கட்டி வார்னிஷ் அடிச்சா காயவே காயாது. மோட்டாரைக் குடுத்தவன் மட்டும் வாசல்ல நின்னு "இன்னும் ஆகலையா"ன்னு உசுரை வாங்குவான். இவங்களும் அந்த ரகம்னு நினைச்சு, நிமிராமலே "நாளைக்கு வாங்க"ன்னேன்.

பெரியவர் போகல. என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நீங்கதான அந்தக் கோவக்கார மச்சினன்?"னு கேட்டாரு.

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்ங்கிறது எங்க தெருவுக்கே தெரியும். ஆனா முன்பின் தெரியாத ஒரு மனுஷன் குடையை மடக்கிக்கிட்டே அதைச் சொன்னா எப்படி இருக்கும்? திட்டலாம்னு வாயெடுத்தப்பதான் அவர் கையில இருந்த புத்தகத்தைப் பாத்தேன். அத்தானோட புது நாவல். சரி, வாசகர்னு புரிஞ்சுது.

அத்தான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். நாவல் எழுதுறவரு. அவங்க வீட்டு முன் அறைதான் என் கடை. அவரைப் பாக்க வர்றவங்க எல்லாரும் என் கடைக்குள்ள புகுந்துதான் வீட்டுக்குள்ள போகணும், வேற வழி கிடையாது. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் என் செம்புக் கம்பியில கால் தடுக்கித்தான் அவரைப் போய்ப் பாத்திருக்காங்க. அவங்களுக்குப் பிள்ளை இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகல. அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளத்தது அக்காதான். மூணு பேரும் ஒரே அடுப்புல சாப்பிட்டுக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு, எங்க வண்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டு பேரையும் உள்ள கூட்டிட்டுப் போனேன். பெரியவர் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ஓய்வு பெற்றவராம். ஜன்னல் ஓரத்துல எழுதிக்கிட்டு இருந்த அத்தான் எந்திரிக்கிறதுக்குள்ள போய், அவர் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. தன் வீட்டுக்காரி போய் ஆறேழு மாசம் ஆச்சாம். ஒரு சொட்டு கண்ணீர் வரலியாம். இந்த நாவலைப் படிச்ச அன்னைக்குத்தான் உடைஞ்சு அழுதாராம். அக்கா டீத் தட்டோட உள்ள வந்தப்ப அவர் பாதி அழுகையில இருந்தாரு.

"உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில சொல்ற இடம் சார். அடிவயித்துல யாரோ ஈரத்துணியைப் போட்டு முறுக்குற மாதிரி இருக்குன்னு சொல்வாங்களே. என் வீட்டுக்காரிக்கும் அந்த வலிதான் இருந்திருக்கும். அவளுக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் கேக்கத் தோணல. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டீங்க சார். அவங்க நிம்மதியா போயிருப்பாங்க."

அப்பதான் எனக்கு விஷயமே உறைச்சுது. நாவல்ல எழுத்தாளரோட பொண்டாட்டி செத்துப் போறா. எழுத்தாளர் வீட்டு முன் அறையில மோட்டார் கடை இருக்கு, கோவக்கார மச்சினன் இருக்கான். எல்லாம் எங்க வீடு. அதனால இந்த மனுஷன் நிஜமாவே எங்க அக்கா செத்துட்டான்னு நம்பி துக்கம் விசாரிக்க வந்திருக்காரு. அக்காவோ, டீத் தட்டோட அவர் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறா.

ஐயையோ அது கதைங்க, இதோ நிக்கிறா பாருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. நான் அத்தானைப் பாத்தேன். அத்தான் அக்காவைப் பாத்தாரு. அப்புறம் அழுதுக்கிட்டு இருக்கிற பெரியவரைப் பாத்தாரு. பாத்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

அக்கா தட்டை மேசையில வச்சா. பெரியவரோட மக டீயை எடுத்துக்கிட்டு, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு தணிஞ்ச குரல்ல கேட்டா.

"நான் அவ தங்கச்சி"ன்னா அக்கா.

"நாவல்ல தங்கச்சியைப் பத்தி வரவே இல்லையே."

"என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு"ன்னுட்டு அக்கா அடுப்படிக்குப் போயிட்டா.

அவங்க கிளம்புற வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தேன். குடை தெருமுனை திரும்பினதும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். அத்தானும் அசட்டுச் சிரிப்பு சிரிச்சு, நல்லா சமாளிச்சுட்ட நீன்னு அக்காவைப் பாராட்டினாரு. அக்கா சிரிக்கல. மேசையில இருந்த அவர் கோப்பையை எடுத்துப் பாத்துட்டு, "ஆறிடுச்சே, வேற போட்டுத் தரவா அத்தான்?"னு கேட்டா.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ அவரை "என்னங்க"ன்னுதான் கூப்பிடுவா. அத்தான்ங்கிறது நான் கூப்பிடுற முறை. கிண்டல் பண்றான்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் சிரிச்சேன்.

அத்தானோட பொழப்பைக் கொஞ்சம் சொல்லணும். காலையில எந்திரிச்சதும் ஒரு கோப்பை டீயோட ஜன்னல்கிட்ட உக்காந்துடுவாரு. அந்த டீயை அவர் குடிச்சு நான் பாத்ததில்ல, அதுல ஏடு படிஞ்சு ஈ விழுற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும். மடியில பலகை, பலகை மேல தாள். மத்தியானம் வரைக்கும் எழுத்து. சாப்பிட்டு எழுந்தா போன். வாசகருங்க கூப்பிடுவாங்க. போனைக் காதுல வச்சுக்கிட்டு, என் கடைக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே பேசுவாரு. பேசி முடிச்சதும் யார் என்ன சொன்னான்னு எங்களுக்கு ஒரு விரிவுரை. நல்லா இருக்குன்னு சொல்றவன் ஒன்னுமே சொல்லலம்பாரு. அது வாசல்ல செருப்பைக் கழட்டுற மாதிரி ஒரு மரியாதைதானாம், உள்ள வந்தானா இல்லையான்னே தெரியாதாம். எந்தப் பக்கத்துல சலிச்சு மூடி வச்சேன்னு சொல்றான் பாரு, அவன்தான் படிச்சவனாம். என் கதையை நீங்க எப்படி எழுதினீங்கன்னு கேக்கிறவனைக் கண்டா மட்டும் பயம்பாரு. அவன்கிட்ட என்ன பதில் சொன்னாலும் தப்பாத்தான் போகுமாம்.

ஆனா அவருக்கு முதல் வாசகர் அக்காதான். சாயங்காலம் அவ காய் நறுக்க உக்காருவா. இவரு எதிர்ல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு அன்னைக்கு எழுதினதைப் படிப்பாரு. அவ நிமிரவே மாட்டா. "ம்"னு மட்டும் சொல்லுவா. அந்த ம்முல எத்தனை தினுசு இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். நீளமா வந்தா அந்த இடம் தேறிடுச்சு. வெட்டுன மாதிரி வந்தா அதைத் திருத்தணும். வராமலே போச்சுன்னா, மறுபேச்சு கிடையாது, அத்தனை தாளும் அடுப்புக்குத்தான். ஊரே பாராட்டினாலும் உங்க அக்காவோட ஒரு நீள ம்முக்கு ஈடாகாதுன்னு என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. நான் ஒரு புத்தகத்தையும் முழுசா படிச்சதில்ல. ஆனா கம்பி சுத்திக்கிட்டே அந்த ம் எல்லாத்தையும் கேட்டிருக்கேன்.

இந்த ஒரு நாவலை மட்டும் அவர் அக்காவுக்குப் படிச்சுக் காட்டல. அவளுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகி உடம்பு தேறிக்கிட்டு இருந்த நேரம், எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்னு காரணம் சொன்னாரு. அக்காவும் கேக்கல.

ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா இருக்கல. தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பாரு போல. அடுத்தடுத்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. வந்தவங்க எல்லாரும் என் கடையைக் கண்ணால ஒரு சுத்து சுத்திட்டு, ஆமா, எல்லாம் அப்படியே இருக்குன்னு தலையாட்டிக்கிட்டு உள்ள போவாங்க. ஒரு நர்ஸ் வந்தா. பேக்கரி வச்சிருக்கிற புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. ஓவியர் ஒருத்தர், நாவலைப் படிச்சே வரைஞ்சதுன்னு சட்டம் போட்ட படம் ஒன்னு கொண்டாந்து குடுத்தாரு. ஒல்லியா, சோகமா, யாரோ ஒரு பொண்ணு. எங்க அக்காவுக்கு நல்ல உருண்டை முகம். படத்தை மாட்டுறதுக்கு ஆணி எடுத்துக் குடுத்ததே அவதான். அக்காவும் தங்கச்சியும் ஜாடையே ஒட்டலையேன்னு பேக்கரிக்காரி சொன்னதுக்கு, அவதான் அழகுன்னு அக்கா சொன்னா.

அத்தான் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிஞ்சாரு. கேட்டா, அழுதுக்கிட்டு வர்றவங்ககிட்ட எப்படிடா சொல்றதும்பாரு. அவங்க துக்கம் நிஜம்தான, அதை எப்படிப் பிடுங்குறதும்பாரு. அதுல கொஞ்சம் உண்மையும் இருந்துச்சு. ஆனா அந்த மனுஷன் மூஞ்சியில ஒரு களை வந்திருந்ததையும் நான் பாத்தேன். ஆயுசு பூரா எழுதியும் இப்படி அழுதுக்கிட்டு யாரும் வந்ததில்ல. அதை விட மனசு வரல. அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்குள்ள அக்கா கொஞ்சம் கொஞ்சமா காலியாகிட்டு வந்தா. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முதல்ல படுக்கையைச் சாமான் அறைக்கு மாத்திக்கிட்டா. அப்புறம் நீலப்பூ போட்ட தன் கோப்பையைக் கழுவி அலமாரி மேல கவுத்து வச்சுட்டு, வேற டம்ளர்ல குடிச்சா. காது உடைஞ்ச குழம்புப் பாத்திரத்தைத் தேய்க்கிறப்ப, அக்காவுக்கு இந்தப் பாத்திரம்னா உசுருன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. ஒரு நாள் தன்னோட நல்ல துணியெல்லாம் மடிச்சு மூட்டை கட்டி, எதிர்வீட்டுல வேலை செய்யுற பொண்ணுக்குக் குடுத்துட்டா. போனவங்களோட துணியை வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அவ சொன்னதைக் கேட்டு அந்தப் பொண்ணு பேயறைஞ்ச மாதிரி நின்னா.

அத்தான் அப்பதான் பயந்தாரு. சாயங்காலம் ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, புதுசா எழுதின ரெண்டு பக்கத்தைப் படிக்கிறேன் கேளுன்னு உக்காந்தாரு. அவ கையைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டா. அதெல்லாம் அக்காதான கேப்பா, எனக்கு என்ன தெரியும் அத்தான்னுட்டு துணி எடுக்க மாடிக்குப் போயிட்டா. அவர் தாளைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் அந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தாரோ.

எனக்கு அதுக்கு மேல பொறுக்கல. மறுநாள் மத்தியானம், அத்தான் வெளிய போயிருந்த நேரம், கடையைப் பாதிச் சாத்திட்டு அடுப்படிக்குப் போனேன். வெளிய மழை கொட்டுது. அக்கா பீன்ஸ் நார் உரிச்சுக்கிட்டு இருந்தா.

"எத்தனை நாளைக்குக்கா இந்தக் கூத்து?"

"எந்தக் கூத்து? செத்துப் போனதா எழுதினது அவரு. நம்பி அழுதது அவங்க. நான் டீதான் குடுத்தேன்."

"அவரு தப்புதான். வாயைத் திறந்திருக்கணும். அதுக்காக நீ இப்படியேவா இருப்ப?"

அவ நார் உரிக்கிறதை நிறுத்தல.

"ஆஸ்பத்திரியில அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்திருந்தாரே, ஞாபகம் இருக்கா? வலி குத்துதா, இழுக்குதா, எரியுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. என் தலைவலியைக்கூட ஒரு நாள் கேக்காத மனுஷன். உன்கிட்ட சொன்னேன்ல?"

"சொன்ன. அத்தான் மாறிட்டாருன்னு சொன்ன. ஆரஞ்சுப் பழம் உரிச்சுக்கிட்டே சிரிச்ச."

"நாலாவது நாளே வலி போயிடுச்சுடா. போயிடுச்சுன்னு சொன்னா கேக்கிறதை நிறுத்திடுவாரோன்னு, இன்னும் இருக்குன்னேன். எப்படி இருக்குன்னாரு. யோசிச்சு யோசிச்சு, ஈரத்துணியை முறுக்குற மாதிரின்னேன். எவ்வளவு அக்கறையா கேட்டுக்கிட்டாரு தெரியுமா? அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அதைச் சொல்லி அழுறாரு. வராத வலிடா அது."

அவ முகத்துல கோவம் கூட இல்ல. கோவம் இருந்திருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும், எனக்குத் தெரிஞ்ச பாஷை அது ஒன்னுதான்.

"அவர் கேட்டதெல்லாம் கதையில இருக்கிற அவளுக்காகக் கேட்டது. அவ போயிட்டா. நல்ல சாவு. ஊரே அழுவுது. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

"அப்ப நான் யாரு?"னு கேட்டேன்.

"நீ தம்பி. அவளுக்கும் தம்பி, எனக்கும் தம்பி. உனக்கு என்ன குறைச்சல்?"

அவ என்னை டா போட்டுப் பேசுனது அன்னைக்குத்தான் கடைசி. அதுவரைக்கும் காலையில கரண்டியால பாத்திரத்தைத் தட்டி, டேய் எந்திரிடா எருமைன்னு கத்துவா. அதுக்கப்புறம், தம்பி, டீ வச்சிருக்கேன்னு கதவுக்கு வெளிய நின்னு மெதுவா சொல்லிட்டுப் போயிடுவா. அவ இருமுற சத்தம் சாமான் அறையிலேர்ந்து கேக்கும். ஐயோ அக்கா மாதிரியே இருமுதேன்னு ஒரு நாள் எனக்கே தோணிடுச்சு. கடையில போய் உக்காந்து, உயிரோட இருக்கிற அக்காவை நினைச்சு தேம்பித் தேம்பி அழுதேன். ரிப்பேருக்குக் குடுத்த மிக்ஸியைத் திரும்ப வாங்க வந்த ஆள் ஒன்னும் கேக்காம திரும்பிப் போயிட்டாரு.

அத்தான் கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். ஆரஞ்சுப் பழத்தைச் சொன்னேன், வராத வலியைச் சொன்னேன். நீ எழுதுற எழுத்தைக் கொண்டு போய் ஆத்துல போடுன்னு சொன்னேன். மரியாதை எல்லாம் அன்னைக்குப் பறந்துடுச்சு. அவர் சுவத்துல சாய்ஞ்சு அப்படியே உக்காந்துட்டாரு. வாசகருங்க கூட்டம் ஒன்னு வச்சிருக்காங்க, எல்லாரும் வருவாங்க, அங்க வச்சுச் சொல்லிடறேன்னாரு. எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்னாரு. எனக்குக் கொஞ்சம் உசுரு வந்துச்சு.

கூட்டம் நூலகத்துக் கூடத்துல. மேடையில அந்த ஒல்லிப் பொண்ணு படத்தைக் கொண்டாந்து வச்சிருந்தாங்க. கூப்பிட்டதும் அக்கா மறுப்பே சொல்லாம வந்துட்டா. முன் வரிசையில ஸ்டேஷன் மாஸ்டர் மக அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் ஓரமா நின்னுக்கிட்டேன். நர்ஸ் பேசுனா, பேக்கரிக்காரர் பேசுனாரு, ஸ்டேஷன் மாஸ்டர் பேச ஆரம்பிச்சு முடிக்க முடியாம உக்காந்தாரு. கடைசியா அத்தான் எந்திரிச்சாரு. மேசையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"நான் உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். என் மனைவி சாகல. அது கதை. நீங்க நம்பினீங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அவ இங்கதான் இருக்கா. அதோ, முன் வரிசையில உக்காந்திருக்கா."

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பாத்தாங்க. எந்திரிச்சு ஒரு தரம் என்னங்கன்னு கூப்பிட்டுடு தாயேன்னு நான் மனசுக்குள்ள கெஞ்சுறேன். அவ மெதுவா எந்திரிச்சா. மேடையைப் பாத்தா. பச்சைப் பிள்ளை கீழ விழுந்துட்டா ஒரு பார்வை பாப்போமே, அப்படி அவரைப் பாத்தா. அப்புறம் கூட்டத்துப் பக்கம் திரும்பினா.

"அக்கா போனதை அத்தானால இன்னும் ஏத்துக்க முடியல. வீட்டுலயும் சில நேரம் என்னை அக்கான்னே நினைச்சுக்கிறாரு. நீங்க யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

சொல்லிட்டு உக்காந்துட்டா. பின்னாடி யாரோ விசும்பினாங்க. நர்ஸ் முகத்தை மூடிக்கிட்டா. ஸ்டேஷன் மாஸ்டர் மேடைக்கு ஓடி, அத்தானைத் தோளோட அணைச்சு நாற்காலியில உக்கார வச்சு, தண்ணியைக் குடிக்க வச்சாரு. எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் சார் இருந்துச்சு, சரியாப் போயிடும்னு முதுகைத் தடவிக் குடுக்கிறாரு. அத்தான் அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, இல்லங்க, நிஜம்ங்க, நிஜம்ங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவர் சொல்லச் சொல்ல அழுகை இன்னும் கூடுச்சு.

நான் சும்மா இருப்பேனா? அவரு சொல்றது உண்மைய்யா, இவ எங்க அக்காய்யான்னு கூடமே அதிரக் கத்தினேன். பக்கத்துல இருந்த ஒரு கண்ணாடிக்காரர் என் தோளைத் தட்டி, உங்க கோவம் புரியுது தம்பின்னாரு. நாவல்லயும் மச்சினன் ஆஸ்பத்திரியில இப்படித்தான் கத்துறானாம்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வர்றவங்க அத்தான்கிட்ட அதிகம் பேசுறதில்ல. பழம் வாங்கிட்டு வந்து அக்காகிட்ட குடுத்துட்டு, எப்படிம்மா இருக்காருன்னு வாசல்லயே விசாரிச்சுட்டுப் போயிடுவாங்க. அவரைப் பாத்துக்கிறதுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சாங்களேம்பாங்க. அவளும் நல்லாத்தான் பாத்துக்கிட்டா. ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்னெல்லாம் சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், கேட்டா வேணும்னா போட்டுக்கோன்னு சண்டைக்கு வருவா. இப்ப எல்லாம் அளவா இருக்கு.

அத்தான் போனை அணைச்சுப் போட்டுட்டு எழுத உக்காந்தாரு. மழைக்காலம் போய் வெயில்காலம் வர்ற வரைக்கும் எழுதினாரு. டீயைச் சூடா குடிச்சாரு, அதை நானே பாத்தேன். ஒரு சாயங்காலம் தாளை எடுத்துக்கிட்டு அடுப்படிக்கு வந்து, அவ எதிர்ல ஸ்டூலைப் போட்டுக்கிட்டாரு. நான் காயிலும் கையுமா நிலைப்படியில வந்து நின்னேன். இந்தத் தடவை அக்கா எந்திரிச்சுப் போகல. வெங்காயத்தை எடுத்து வச்சுக்கிட்டு, படிங்க அத்தான்னா.

அவர் படிச்சாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து பொண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற கதை. புருஷன் ஒரு கேள்வியும் கேக்காம பக்கத்துல உக்காந்திருக்கான். அவ தூங்கிப் போயிட்டது தெரிஞ்சும் உக்காந்திருக்கான். எழுதுறதுக்கு எதையுமே எடுத்துக்கல. வலி போயிடுச்சுன்னு அவ தானா சொல்றா, சொன்னப்புறமும் அவன் நாற்காலியை விட்டு எந்திரிக்கல. அந்த இடத்துல அத்தான் குரல் உடைஞ்சு போச்சு. தண்ணி குடிச்சுட்டு மறுபடியும் படிச்சாரு. கதை கிதைன்னாலே கொட்டாவி விடுற நானே காயிலைக் கீழ வச்சுட்டுக் கேட்டேன். நான் அந்த ம்முக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். நீளமா வேண்டாம். வெட்டுன மாதிரியாவது ஒன்னு வரட்டும்னு இருந்துச்சு.

கத்தி பலகையில படுற சத்தம்தான் கேட்டுச்சு. அத்தான் கடைசித் தாளை முடிச்சுட்டு நிமிர்ந்தாரு. அக்கா கையைத் துடைச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட சிரிக்கிற மாதிரி சிரிச்சா.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தான்."

அவர் தாளையெல்லாம் ஒன்னா தட்டி அடுக்கினாரு. அடுக்கினதையே திரும்பவும் அடுக்கினாரு. "எந்த இடத்துலயாவது சலிச்சுதா?"ன்னு கேட்டாரு.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்காவைத்தான் கேட்டிருக்கணும்."

சொல்லிட்டு, நறுக்கின வெங்காயத்தை வழிச்சு எடுத்துக்கிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினா.